சும்மா கொடுத்தாலும் சீட்டு எழுதிக் கொடு!

இலவசமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரும் குமாஸ்தாக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய லைசென்ஸ் விஷயம்

காலை வண்டி பாறசாலைக்கு வந்து நிற்கும்போது உட்கார இடம் இருக்காது. நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் ஏறியவர்கள் ஜன்னலோரத்தைப் பிடித்திருப்பார்கள். பாறசாலையில் ஏறுகிறவர்கள் தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் நின்றுகொண்டே தாண்டித் திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டும். 1979-ல் இந்த ரயில் பாதை திறந்த நாளிலிருந்து நடக்கும் காட்சி இது. ஜவுளிக்கடைக் கணக்கர், ஆஸ்பத்திரியில் ரசீது போடுகிறவர், மண்டிக் குமாஸ்தா, கட்டட வேலைக்குப் போகும் மேஸ்திரி என்று எல்லோரும் ஒரே பெட்டியில்தான்.

முன்பெல்லாம் இந்தப் பெட்டியில் கையில் இருந்தது பத்திரிகையும் சாப்பாட்டுத் தூக்கும். இன்று எல்லோர் கையிலும் செல்போன். அதைப் பார்க்கிறவர்கள் பலர் என்றால், அதற்குப் புரோகிராம் எழுதுகிறவர்களும் ஓரிருவர் உண்டு. பகலில் கடையில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் வீட்டுத் திண்ணையில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்காக உழைக்கிறவர்கள் இவர்கள். கூலி கிடையாது. யாரும் கேட்டு வந்து கொடுத்த வேலையும் இல்லை. நாலு பேருக்கு உபயோகமாகட்டும் என்ற ஆசை ஒன்றுதான்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு பாறசாலைக்குத் தெற்கே இஞ்சிவிளைப் பக்கம். அடுத்த வீட்டு அம்மாள் நடத்தும் அயல்கூட்டத்தில் வாரச் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சிரமப்படுவதைப் பார்த்து, செல்போனில் ஓடும் சின்னக் கணக்குப் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நன்றாக இருக்கவே காரோட்டுக்காரர்கள் கேட்டார்கள், உச்சக்கடைக்காரர்கள் கேட்டார்கள். எல்லையைத் தாண்டிக் களியக்காவிளையில் உள்ள ஒரு சுய உதவிக் குழுவும் பிரதி எடுத்துக்கொண்டது. ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் வாசலில் குரல் கேட்கிறது:

"அண்ணாச்சி, உங்க புரோகிராம்ல வட்டிக் கணக்கு தப்பா வந்திருக்கு. எட்டு மாசமா நாலு பேருக்கு அதிகமா கொடுத்துட்டோம். பணத்தை யாரு கட்டுறது?"

சும்மா செய்து கொடுத்த மனிதர் விக்கித்து நிற்கிறார். இவர் கட்ட வேண்டுமா? சம்பளமே வாங்காத வேலைக்கு நஷ்ட ஈடா?

மாட்டின் பல்லும் குதிரையின் குணமும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம்முடைய பழமொழி. இலவசமாக வந்ததில் குறை சொல்லக் கூடாது என்பது ஊர் நியாயம். சட்டம் அந்த அளவுக்குத் தாராளம் காட்டுவதில்லை.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 150-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை இன்னொருவரிடம் உபயோகத்துக்குக் கொடுப்பதைப் பற்றிய பிரிவு. அதில் இரண்டு உதாரணங்கள். ஒருவன் தன் குதிரையை நண்பனுக்கு இரவல் கொடுக்கிறான். குதிரை முரட்டுக் குதிரை என்பது அவனுக்குத் தெரியும், சொல்லாமல் கொடுக்கிறான். நண்பன் விழுந்து அடிபட்டால் கொடுத்தவன்தான் பொறுப்பு. இரண்டாவது உதாரணம், வாடகைக்கு விட்ட வண்டி. வண்டியில் பழுது இருப்பது சொந்தக்காரனுக்கே தெரியாது. என்றாலும், வாடகை வாங்கியதால் அவன் பொறுப்பு.

புரோகிராம் குதிரையும் அல்ல, வண்டியும் அல்ல. அந்தப் பிரிவு இதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சட்டம் யோசிக்கும் விதம் இதில் தெளிவாகத் தெரிகிறது. காசு வாங்கினால் பொறுப்பு கனக்கிறது. வாங்காவிட்டால் இலேசாகிறது; ஆனால் அடியோடு போய்விடுவதில்லை. குறை தெரிந்தும் வாய் மூடி இருந்தவனுக்கு இலவசம் என்ற சாக்கு உதவாது.

அப்படியானால் சும்மா கொடுக்கிறவர் செய்ய வேண்டியது என்ன? கொடுக்கும்போதே, எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதை எழுதிக் கொடுப்பதுதான். புரோகிராம் உலகில் அந்தச் சீட்டுக்குப் பெயர் லைசென்ஸ்.

எழுதாமல் விட்டால்?

"இலவசம்தானே, லைசென்ஸ் எதற்கு?" என்று பலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில்தான் எதிர்பாராதது.

நம் நாட்டில் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 1984-ல் திருத்தப்பட்டபோது கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்ந்தது. கதையும் கவிதையும் போலவே, எழுதி முடித்த நிமிஷத்திலேயே எழுதியவருக்கு உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த உரிமை அவர் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 வருஷமும் நிற்கும். அவர் அனுமதி கொடுக்காதவரை அதைப் பிரதி எடுக்கவோ, திருத்தவோ, பிறருக்குக் கொடுக்கவோ மற்றவர்களுக்குச் சட்டப்படி வழியில்லை.

ஆகவே லைசென்ஸ் எதுவும் எழுதாமல் கொடுத்தால் இரண்டு பக்கமும் சங்கடம். வாங்கியவர் எந்த உரிமையில் வைத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கொடுத்தவரோ, "இதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை" என்று எங்கும் சொல்லவே இல்லை.

எழுத்தில் இல்லாத ஏற்பாடு என்ன ஆகும் என்பதை இந்த எல்லைப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. நெய்யாறு அணையின் இடது கரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்குப் பல வருஷங்கள் தண்ணீர் ஓடியது. 2004-ல் நின்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. கொடுப்பவரும் வாங்குபவரும் நல்லவர்களாக இருக்கும் காலத்தில் காகிதம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மனஸ்தாபம் வந்த பிறகு தேடினால் கிடைப்பதில்லை.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள். "எனக்கு உரிமையே வேண்டாம், பொதுச் சொத்து என்று விட்டுவிடுகிறேன்" என்பார்கள். அதற்கும் நம் சட்டத்தில் இடமுண்டு. 21-வது பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்கு எழுதிக் கொடுத்தோ, பொது அறிவிப்பு வெளியிட்டோ உரிமையைக் கைவிடலாம். ஆனால் கைவிடுவது உரிமையைத்தான், பொறுப்பை அல்ல. உத்தரவாதம் இல்லை என்ற வாசகம் அதில் தானாக வந்துவிடாது.

கடையில் கிடைக்கும் சட்டைபோல

லைசென்ஸ் எழுத வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தைத்து வைத்த சட்டைபோல, உலகமெங்கும் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துப் பார்த்து எழுதிய லைசென்ஸ்கள் தயாராக இருக்கின்றன. அளவுக்குப் பொருந்துவதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மிகச் சிறியது எம்.ஐ.டி. லைசென்ஸ். இருநூறு சொல்லுக்குள் முடிந்துவிடும். "யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், என் பெயரையும் இந்தச் சீட்டையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள், உள்ளது உள்ளபடி கொடுக்கிறேன், உத்தரவாதம் இல்லை, நஷ்டத்துக்குப் பொறுப்பும் இல்லை." சாரம் இவ்வளவுதான். தமிழ் எழுத்துக்களைக் கையாள்வதற்காகத் தன்னார்வலர்கள் எழுதிய 'ஓப்பன் தமிழ்' என்ற புரோகிராம் தொகுப்பு இந்த லைசென்ஸில்தான் வெளிவந்திருக்கிறது.

அடுத்தது அப்பாச்சி லைசென்ஸ். இப்போது வழங்கும் இரண்டாம் பதிப்பு 2004-ல் வந்தது. இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. உங்கள் புரோகிராமை எடுத்து ஒருவர் காசுக்கு விற்று, "நான் உத்தரவாதம் தருகிறேன்" என்று சொன்னால், அந்த உத்தரவாதம் அவர் தலையோடு போகும். மூலத்தை எழுதியவர் தலையில் விழாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

மூன்றாவது ஜி.பி.எல். இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர். முதல் பதிப்பு 1989-ல், இரண்டாவது 1991-ல், மூன்றாவது 2007-ல் வந்தன. இதன் நிபந்தனை சற்றுக் கறாரானது. "நான் உனக்குத் திறந்து கொடுத்ததைப்போல, நீ திருத்திப் பிறருக்குக் கொடுக்கும்போதும் திறந்தே கொடுக்க வேண்டும்; பூட்டி வைத்து விற்கக் கூடாது" என்பது அது. பொறுப்பு விஷயத்தில் இதுவும் மற்றவற்றைப் போலத்தான். மூன்றாம் பதிப்பின் 15, 16-வது பிரிவுகள் உத்தரவாதத்தையும் நஷ்ட ஈட்டையும் மறுக்கின்றன.

இந்த ஸ்டால்மன் நமக்கு அந்நியர் அல்ல. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து, சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தவர். கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகுவது இந்த வகை இலவச லைசென்ஸில் வந்த லினக்ஸில்தான். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள்.

எழுத்துருக்களுக்கு எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்று தனியாக உண்டு. 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துரு இந்த லைசென்ஸில் கிடைக்கிறது. அதை வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளத் தன்னார்வலர்கள்! 1956-ல் கோடு கிழித்து விளவங்கோட்டை ஒரு பக்கமும் நெய்யாற்றின்கரையை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். எழுத்து அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை.

பாட்டு, படம், கட்டுரை ஆகியவற்றுக்குப் பிரபலமான கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸைப் புரோகிராமுக்குப் போட வேண்டாம் என்று அதை ஏற்படுத்தியவர்களே சொல்கிறார்கள்.

இந்தச் சீட்டுகளில் பொறுப்பை மறுக்கும் பத்தி மட்டும் ஏன் பெரிய இங்கிலீஷ் எழுத்துக்களில் கத்துகிறது என்று பலருக்கு ஆச்சரியம். அமெரிக்க வியாபாரச் சட்டத்தில், உத்தரவாதத்தை எழுத்தில் மறுப்பதானால் அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று விதி. மூலையில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால் செல்லாது. அதனால்தான் அந்தப் பெரிய எழுத்து.

பொம்மை ரயிலும் பெரிய கோர்ட்டும்

காசு வாங்காதவன் எழுதிய சீட்டைக் கோர்ட் மதிக்குமா? இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு பதில் சொல்லியிருக்கிறது.

ராபர்ட் ஜேக்கப்சன் என்பவர் கலிபோர்னியாவில் பௌதிகப் பேராசிரியர். பொம்மை ரயில் ஓட்டுவது அவர் பொழுதுபோக்கு. அந்த ரயில்களைக் கம்ப்யூட்டர் மூலம் இயக்க அவரும் நண்பர்களும் புரோகிராம் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு கம்பெனிக்காரர், "இது என் காப்புரிமையை மீறுகிறது" என்று சொல்லி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கேட்டுக் கடிதம் அனுப்பினார். இலவச வேலைக்கு வந்த பில் அது! பேராசிரியர் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் கம்பெனியே இவர்களுடைய புரோகிராமிலிருந்து சிலவற்றைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது என்ற விஷயமும் வழக்கில் வந்தது.

2008 ஆகஸ்டில் மேல் முறையீட்டுக் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பணம் கைமாறவில்லை என்பதற்காக லைசென்ஸ் நிபந்தனைகள் வெறும் காகிதம் ஆகிவிடாது. அவற்றை மீறுவது பதிப்புரிமையை மீறுவதாகலாம் என்பது தீர்ப்பின் சாரம். 2010-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அமெரிக்கத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், பேராசிரியர் நிற்பதற்கு ஓர் இடம் கொடுத்தது அவர் முன்கூட்டி எழுதி வைத்த சீட்டுதான் என்பதை மறுக்க முடியாது.

குடை பிடிக்காத இடங்கள்

லைசென்ஸ் குடை மாதிரி. மழைக்குத் தாங்கும், வெள்ளத்துக்குத் தாங்காது. "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வார்த்தை அந்தச் சீட்டுகள் சிலவற்றிலேயே இருக்கிறது. அது எங்கெங்கே உதவாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, வேண்டுமென்றே செய்த தீங்கு. 2024 மார்ச்சில் உலகம் முழுவதும் ஒரு பரபரப்பு. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் உள்ள எக்ஸ்.இஸட். என்ற சிறு புரோகிராமில், நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்த ஒருவர் திருட்டு வழி வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவசப் புரோகிராமில் வந்த கோளாறோ தன்னார்வலர்களின் கண்ணுக்குத் தப்பிய பிழை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. லைசென்ஸ் காப்பது பிழை செய்தவரை. சதி செய்தவரை அல்ல. நம் நாட்டில் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுத்துவதற்கும் நாசம் செய்வதற்கும் தனியாகவே பொறுப்பு வைக்கிறது.

இரண்டாவது, காசு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லும் சரி, 2019-ல் புதிதாக வந்தபோதும் சரி, இலவசமாகச் செய்யும் சேவையை விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் 1995-ல் சுப்ரீம் கோர்ட் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமானால், இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். புரோகிராம் எழுதுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை: "புரோகிராம் இலவசம், சரிபார்த்துக் கொடுக்க மாசம் நூறு ரூபாய்" என்று ஆரம்பித்தால் கதை மாறிவிடும். காசு வாங்குவது தப்பில்லை. வாங்குவதானால் அதற்குத் தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மூன்றாம் மனிதர். சீட்டை ஏற்றுக்கொண்டது அயல்கூட்டத்தின் செயலாளர். வட்டியில் நஷ்டப்பட்ட அங்கத்தினர் அந்தச் சீட்டைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார். அவரைச் சீட்டு கட்டுப்படுத்துவதாகச் சொல்ல முடியாது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலில் கூட்டம்தான். என்றாலும், கணக்கைக் கையாலும் ஒரு முறை சரிபார்க்கும்படி முன்பே எழுதியிருந்தால் இந்த நிலைமையே வந்திராது.

நான்காவது, பிறர் விவரம். அங்கத்தினர்களின் பெயர், ஆதார், போன் நம்பர் எல்லாம் எழுதியவருடைய கம்ப்யூட்டரில் வந்து சேருமானால், அது வேறு விவகாரம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பற்றித்தான் பேசுகிறது. விவரங்கள் உபயோகிப்பவர் போனிலேயே தங்கும்படி எழுதிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

ஐந்தாவதுதான் நம் குமாஸ்தாக்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. எழுதியது உங்கள் சொத்துதானா? பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, உத்தியோகத்தின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். சர்க்கார் உத்தியோகத்தில் எழுதியது சர்க்காருக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமில்லாததற்கு லைசென்ஸ் கொடுக்க ஒருவராலும் முடியாது. ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் வேலைக்காக எழுதியதை ஊருக்கு இலவசமாகக் கொடுத்தால், புண்ணியம் போய் வேலைக்கே ஆபத்து வரலாம்.

உலகம் எந்தப் பக்கம்?

இலவசமாக எழுதுகிறவரை நசுக்கிவிட்டால் நஷ்டம் உலகத்துக்குத்தான் என்பது இப்போது பெரிய தேசங்களுக்கும் புரிந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று கம்ப்யூட்டர் பொருள்களின் பாதுகாப்பைப் பற்றியது. மற்றொன்று குறையுள்ள பொருளால் வரும் நஷ்டத்தைப் பற்றியது. புரோகிராம் விற்கும் கம்பெனிகளுக்கு இரண்டிலும் கடுமையான பொறுப்பு. ஆனால் வியாபார நோக்கமில்லாமல் இலவசமாகத் திறந்து கொடுக்கப்படும் புரோகிராம்களுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. அந்த விலக்கும் தானாக வந்ததல்ல. தன்னார்வலர்கள் சேர்ந்து குரல் கொடுத்து வாங்கியது.

செய்ய வேண்டியது

முதலில், எழுதியது தன்னுடையதுதானா என்று பார்க்க வேண்டும். பிறருடைய புரோகிராமிலிருந்து ஏதேனும் எடுத்திருந்தால் அதன் லைசென்ஸைப் படிக்க வேண்டும். ஜி.பி.எல். பகுதியைச் சேர்த்து எழுதியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதையும் ஜி.பி.எல்.-லிலேயே கொடுத்தாக வேண்டும்.

பிறகு லைசென்ஸைத் தேர்ந்தெடுப்பது. யார் எப்படி உபயோகித்தாலும் சரி என்றால் எம்.ஐ.டி. அல்லது அப்பாச்சி. ஊருக்குக் கொடுத்ததை ஒருவர் பூட்டி விற்கக் கூடாது என்றால் ஜி.பி.எல். அதன் வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல், பெயரையும் வருஷத்தையும் மட்டும் உரிய இடத்தில் எழுதி, புரோகிராமோடு தனிக் கோப்பாக வைக்க வேண்டும். "இதில் ஒரு வரி சேர்க்கிறேன், அதில் ஒரு வரி வெட்டுகிறேன்" என்று கை வைத்தால் தையல் பிரிந்துவிடும்.

இங்கிலீஷ் சீட்டோடு நின்றுவிடாமல், திறந்ததும் கண்ணில் படும்படி தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி போடுவது நல்லது: "இது இலவசமாகத் தரப்படுகிறது. பிழை இருக்கலாம். பணம் கொடுக்குமுன் கணக்கைக் கையால் ஒரு முறை சரிபார்க்கவும். இதனால் வரும் நஷ்டத்துக்கு எழுதியவர் பொறுப்பல்ல." படிக்கிறவருக்குப் புரிகிற எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, பிழை தெரிய வந்தால் மறைக்கக் கூடாது. உடனே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். முரட்டுக் குதிரை என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தவனைத்தான் 1872-ம் வருஷத்துச் சட்டமே பிடித்தது. நிஜமாகவே தகராறு என்று வந்தால், பத்திரிகையைப் படித்துவிட்டு நிற்காமல் ஒரு வக்கீலைப் பார்ப்பதே முறை.

மறுநாள் காலை

இஞ்சிவிளைக் குமாஸ்தாவிடம் திரும்புவோம். அவர் சீட்டு எழுதி வைக்கவில்லை என்றால், அன்று வாசலில் நடந்தது வாக்குவாதமாகவே முடிந்திருக்கும். பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், இனி யாருக்கும் எதுவும் செய்து தருவதில்லை என்று கம்ப்யூட்டரை மூடியிருப்பார். ஊருக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

எழுதி வைத்திருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும். "அம்மா, கையால் சரிபார்க்கச் சொல்லி முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேனே. பரவாயில்லை, பிழை என்னுடையது. இன்று ராத்திரியே திருத்தித் தருகிறேன். காரோட்டுக்கும் களியக்காவிளைக்கும் இப்போதே சொல்லிவிடுவோம்" என்பார். அதிகமாகப் போன வட்டியைக் கூட்டத்தார் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலையிலும் வண்டி பாறசாலைக்கு வரும். உட்கார இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரும் நிற்பார், அடுத்த புரோகிராமை யோசித்துக்கொண்டு.